கட்டைவிரல் குழி

"...மூடு வரலியாம், மூடு! அது என்னா தண்ணி லாரியா? வரல வரலன்னு ரோட்டுல குடத்த வெச்சுகினு நிக்கறதுக்கு?"

அக்கா இதைச் சொன்னது தன்னைவிடப் பெரிய பதவியில் இருந்த ஒரு மனிதரிடம். நேருக்கு நேர். கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டமே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்த மனிதர் எங்கள் பேக்கரிக்குப் புதிதாக வந்திருந்த ஷெஃப். அவர் முன்னால் மூன்று அடுக்குக் கேக் ஒன்று, ஒரு பொட்டு அலங்காரம் இல்லாமல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி காலையிலிருந்து வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

இதைச் சொன்ன கையோடு அக்கா ஒரு காரியம் செய்தார். அந்தக் காரியத்தை மட்டும் கேட்டால் திமிர் பிடித்த பொம்பளை என்று நினைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். திமிர் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதைத் தாண்டியும் கொஞ்சம் இருந்தது. அதனால் முதலில் அக்காவைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரி டவுனுக்குள், பெரிய மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் பேக்கரி. அக்கா அங்கே கேக் அலங்காரம். நான் எழுத்து. கேக் மேல் பெயர் எழுதுவது என் வேலை. தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு எதுவானாலும் சாக்லேட் கோனில் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, லாஸ்பேட்டையில் வண்டிகளுக்கு நம்பர் எழுதிக் கற்றது. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் எழுத்து" என்பார். அவரைவிட நான் ஓரிரு வயது மூத்தவன்தான். ஆனாலும் எல்லாரும் அக்கா என்றதால் எனக்கும் அக்கா.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேக்கின் மேல் க்ரீமைத் தடவி, கத்தியால் வழித்து வழித்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார். அப்படி ஒரு மழமழப்பு வேறு யாருக்கும் வராது. ஆக்கி முடித்து, ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, கையுறை போட்ட கட்டைவிரலால் அதில் நச்சென்று ஒரு குழி போடுவார். நடுவில் இல்லை, ஓரத்தில் இல்லை, விரல் எங்கே விழுகிறதோ அங்கே. முதல் தடவை பார்க்கிறவர்கள் "ஐயோ" என்று கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன்.

"எதுக்குக் கத்தற? இங்க ஒரு பூ வெச்சு மூடியே ஆவணும் இப்ப. மொதப் பூவு எங்கன்ற கேள்வி தீந்துச்சா? ரெண்டாவது பூவு மொதப் பூவப் பாத்து வந்துடும். வெள்ளையா நிக்கற வரைக்கும்தான்யா அது மகாராணி. ஒரு குழி வுழுந்துட்டா கேக்கு."

அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். இதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார். என்னிடம், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கை தவறிப் பட்டுவிட்டது, அதை மறைக்கப் பூ வைத்தேன், பாராட்டினார்கள் என்றார். கல்லாவில் இருந்த பெண்ணிடம், கோவிலில் ஈஸ்டருக்குப் பீடம் ஜோடிக்கும்போது எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று பெண்கள் சண்டை போட்டார்கள், நான் ஒரு கொத்தைத் தூக்கி எறிந்தேன், விழுந்த இடத்தில் ஆரம்பித்தோம் என்றார். எது நிஜம் என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு எது புடிச்சிருக்கோ அத எடுத்துக்கோ. எனக்கு வேல கெடக்குது" என்றார்.

அவர் செய்த கேக் எல்லாம் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். சிலது கண்றாவி. கடலும் டால்பினும் வேண்டும் என்று கேட்ட குடும்பத்துக்கு அவர் செய்துகொடுத்தது, கத்தரிக்காய்க்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. அந்த வீட்டு அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, "என்னங்க இது, கத்திரிக்கா மாதிரி இருக்குது?" என்றார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "கத்திரிக்கான்னாவது தெரியுதுல்ல? எனக்கு இன்னிக்கு டால்பின் தோணலம்மான்னு வெள்ளையா குடுத்திருந்தா வாங்கிகினு போவியா?"  பிள்ளைகள் அதற்குள் வாலைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்திருந்தார்கள்.

இப்போது யாரைப் பார்த்தாலும் மனத்தடை, கற்பனை ஓடவில்லை என்கிறார்கள். கல்யாணப் போட்டோ எடுக்கிறவருக்குத் தடை, போனில் வீடியோ போடுகிறவருக்குத் தடை, பாட்டு எழுதுகிறவருக்குத் தடை. மலச்சிக்கலைச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். கேட்டால் ஒரு பெருமைகூட இருக்கும் அதில். அக்காவுக்கு அந்தப் பெருமையைக் கண்டால்தான் ஆகாது. "வேல செய்யறவனுக்குக் கை வலிக்கும், இடுப்பு வலிக்கும். இவங்களுக்கு மட்டும் எங்கியோ ஒரு எடத்துல அடைச்சுக்குது. எங்கன்னு கேட்டா காட்டத் தெரியாது" என்பார்.

எங்கள் முதலாளியை நாங்கள் பழைய ஆட்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முசே ஒருமுறை எங்கள் இருவரையும் ஒயிட் டவுனில் ஒரு கஃபேயில் நடந்த முகாமுக்கு அனுப்பிவைத்தார். படைப்பாளிகளின் மனத்தடையை நீக்குகிற முகாம். சமுக்காளத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்கள். பிறகு இடது கையால் சிறுவயது வீட்டை வரையச் சொன்னார்கள். பக்கத்தில் ஓவியர் ஒருவர் வரைந்துகொண்டே அழுதார். நல்ல மனிதர். கடலைப் பார்த்த மாதிரி பெரிய ஸ்டூடியோ இருக்கிறதாம், ஆனால் ரொம்ப நாளாகப் படமே வரவில்லையாம். "கடல் என்கிட்ட பேசறத நிறுத்திடுச்சு" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடலு எதுக்குங்க உங்ககிட்ட பேசணும்? அதுக்கு ஆயிரம் வேல."

முகாமை நடத்திய அம்மா பதறிப்போய், இங்கே யாரும் யாரையும் எடை போடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா அவரிடம் திரும்பினார். "நீங்க என்னா வேல செய்றீங்கம்மா?"

"இதுதான். தடைகளை நீக்க உதவறது."

"அப்ப எங்களுக்கெல்லாம் தட போயிட்டா உங்களுக்கு வேல போயிடுமே. பாத்து நீக்குங்க."

மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதோடு கிளம்பிவிட்டோம். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்த அக்கா வழி நெடுக, "மூச்சு வுடச் சொல்லிக் குடுக்கறாங்கய்யா எழுத்து. இத்தினி வருசமா நான் என்னா வுட்டுகினு இருந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வாயால் நல்லதும் நடந்திருக்கிறது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் கல்யாண நாளுக்குக் கேக் வாங்க வந்தார். அரசு அலுவலகத்தில் கிளார்க். கேக் மேல் என்ன எழுதட்டும் என்று நான் கேட்டதும் ஆள் சிலையாகிவிட்டார். "ஏதாவது நல்லதா..." என்றார். "ஹாப்பி அனிவர்சரி போடட்டுமா?" என்றேன். "போன வருஷமும் அதான்" என்றார். பாவம், நெற்றி வேர்த்துவிட்டது. பின்னால் வரிசை நீண்டது. உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

"சார், இன்னிக்குக் காலைல கெளம்பறப்ப அந்தம்மாகிட்ட கடசியா என்னா சொன்னீங்க?"

"நானா? வண்டி சாவி எங்கன்னு கேட்டேன்."

"யோவ் எழுத்து, அதயே எழுது."

நான் எழுதினேன். 'சாவி எங்கே?' சுற்றிலும் அக்கா சிவப்பு ரோஜா வைத்தார். அந்த மனிதர் அதை, வெடித்துவிடுமோ என்று பயந்த மாதிரி தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் அதே தேதிக்கு வந்தார். வாயெல்லாம் பல். "அதேதான் எழுதணும்னு அவங்க சொல்லியனுப்பினாங்க" என்றார்.

நல்லது மட்டுமே நடந்தது என்றும் சொல்ல முடியாது. சேதராப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு பெண் எங்களோடு அலங்கார வேலையில் இருந்தாள். கெட்டிக்காரி. ஒரு சமயம் அவள் கை நின்றுபோனது. கோனைப் பிடித்தபடி கேக்கையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கா சும்மா இருப்பாரா? "என்னா, உனக்கும் கடலு பேசறத நிறுத்திடுச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வயிற்றில் இருந்தது கலைந்துபோய், யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. அதற்கான வாய் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பெண் பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதற்குள் அவள் மேசையில் இருக்கிற கேக்கில் ஒரு குழி விழுந்திருக்கும்.  பையை மாட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, குழியின் மேல் முதல் பூவை வைப்பாள். கொஞ்ச நாளில் கை திரும்பிவிட்டது. அதற்குப் பிறகும் அக்கா குழி போடுவதை நிறுத்தவில்லை. அவளாகவே ஒருநாள், "போதும்க்கா, நானே போட்டுக்கறேன்" என்றாள்.

பிறகு கண்ணாடி வந்தது. வாரக்கடைசியில் வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்கிறதே, அவர்கள் நின்று பார்க்கட்டும் என்று முசே அலங்கார அறையின் முன்சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டார். அக்காவுக்கு மீன் தொட்டியில் விட்ட மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை எவனோ வெளியே நின்று, அக்கா குழி போடுவதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டான். 'கேக்கில் விரல் விட்டு விளையாடும் பெண்.' கீழே ஆயிரம் பேர் காறித் துப்பியிருந்தார்கள். அக்கா என் போனில் அதைப் பார்த்தார்.

"வெரல மட்டும் எடுத்திருக்கான். மேல வந்த பூவ எடுக்கவேல்ல. பாதிலியே போயிட்டான் பாரு, அவனுக்கும் மூடு தீந்துபோச்சு போல."

முசேவுக்கு அது சிரிப்பாக இல்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு யூனிட் உண்டு. ரஸ்க், பிஸ்கட் எல்லாம் அங்கே மெஷினில் வரும், பெண்கள் பாக்கெட் போடுவார்கள். அக்காவை அங்கே சூப்பர்வைசராகப் போகச் சொன்னார். கண்ணாடி அறைக்கு ஒரு ஷெஃப்பைக் கொண்டுவந்தார். அவருக்கு வேலை பிடிபடும் வரை அக்கா இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அந்த ஷெஃப்பைப் பற்றி நான் கேலியாகச் சொன்னால் பாவம் என் தலையில்தான். நடுவயது மனிதர், பெரிய ஓட்டல்களில் இருந்தவர், கப்பலில்கூட வேலை செய்தவர். அவர் சர்க்கரையில் செய்கிற ரோஜா இதழை விளக்கில் பிடித்தால் நரம்பு தெரியும். அவர் இல்லாத நேரத்தில் அக்கா ஒரு இதழை எடுத்து அப்படிப் பிடித்துப் பார்த்ததை நான் பார்த்தேன். "வேலக்காரன்தான்யா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஆரம்பிச்சு வுடறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்.

அது நிஜம். ஷெஃப் ஒவ்வொரு கேக்குக்கும் முன்னால் காதில் பாட்டு மாட்டிக்கொள்வார். வாசனை மெழுகுவத்தி ஏற்றிவைப்பார். "பொறந்த நாளு கேக்குக்கா, சாருக்கா?" என்று அக்கா கேட்பார். கடற்கரை ரோடு வரை நடந்துவிட்டு வருவார். வந்தும் நிற்பார். "ஐடியா தானா மலரணும் மேடம், பிடிச்சு இழுக்க முடியாது" என்பார். மலர்ந்தால் அற்புதமாக மலர்ந்தது. மலராத நாட்களில் ஆர்டர் தள்ளிப்போனது. சிலது திரும்பியே போனது.

முசேவுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. பாரிஸில் குடியேறிவிட்ட நம்மூர்க் குடும்பம். தாத்தா பாட்டிக்குப் பொன்விழாக் கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெட்டுகிறார்கள். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டதற்கு, "ஐம்பதுன்னு எழுத வேணாம், போட்டோ வேணாம், மத்தது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த இஷ்டம்தான் ஷெஃப்பின் தலையில் விழுந்த இடி.

வெள்ளிக்கிழமை முசே அக்காவைக் கூப்பிட்டு, நானும் நிற்கும்போதே சொன்னார்: "இந்தக் கேக்கு நல்லா வந்துட்டா அவரு இங்க, நீ யூனிட்டுக்கு. வரலன்னா அவர அனுப்பிடறேன். நீயே இங்க இரு, நான் கண்ணாடிக்குத் திரை போட்டுக்கறேன். எனக்கும் தலவலி தீரட்டும்."

அக்கா தலையாட்டினார். வெளியே வந்ததும், "ரஸ்க்குக்கு என்னாய்யா செய்யறது எழுத்து? அது பொறக்கறப்பவே காஞ்சிபோய்ப் பொறக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு முழுக்க தன் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

சனிக்கிழமை காலையில் ஷெஃப் மூன்று அடுக்கையும் வழித்து முடித்தார். அக்காவின் மழமழப்புக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஓரமாக ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பூக்கள். ரோஜா, மல்லி, இலை, மொட்டு எல்லாம் தயார். பிறகு நின்றார். பாட்டை மாட்டினார். கழற்றினார். காகிதத்தில் வரைந்தார், கசக்கினார். கடற்கரைக்குப் போனார். வந்தார். கேக் அப்படியே இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலக் கூட்டம் கண்ணாடிக்கு வெளியே சேர ஆரம்பித்தது. போன்கள் எழும்பின. கல்லாவிலிருந்து முசே எட்டி எட்டிப் பார்த்தார். ஷெஃப்பின் கழுத்தில் வேர்வை ஓடியது. இந்த வேலையும் போனால் ஊருக்கு எப்படிப் போய் நிற்பது என்று அவர் போனில் யாரிடமோ சொன்னது எனக்கும் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது.

நான் அக்காவின் காதோரம் சொன்னேன். "நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்க்கா. ராத்திரி வரைக்கும் சும்மா இருங்க, போதும்."

"சும்மாதானய்யா இருக்கேன்."

சும்மா இல்லை. பப்ஸ் தட்டை எடுக்கப் போகிற சாக்கில் அந்தக் கேக்கைச் சுற்றிக்கொண்டு போவார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு தடவை என் பக்கத்தில் வந்து நின்று பல்லைக் கடித்தார். "அந்த வெள்ளையப் பாத்தாலே எனக்குப் பல்லு கூசுதுய்யா."

"பாக்காதீங்க."

"கூசுது."

ஷெஃப் அப்போதுதான் கோனைக் கீழே வைத்துவிட்டு, பொதுவாக எங்கள் எல்லாரையும் பார்த்து, "எவ்வளவு முயற்சி பண்ணியும் இன்னிக்கு மூடு வரல" என்றார். 

அதற்குத்தான் அக்கா அந்தத் தண்ணீர் லாரியைச் சொன்னார்.

வெளியே சிரித்தார்கள். ஷெஃப் தலையைக் குனிந்துகொண்டார். முசே கல்லாவைவிட்டு எழுந்து கண்ணாடி ஓரம் வந்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், அதில் எழும்பியிருந்த போன்களைப் பார்த்தார். பிறகு ஷெஃப்பின் வலது கையை மணிக்கட்டில் பிடித்தார். கையுறைக்குள் இருந்த நான்கு விரல்களையும் உள்ளே மடக்கினார். மிஞ்சிய கட்டைவிரலைக் கொண்டுபோய் நடு அடுக்கின் வெள்ளையில் நச்சென்று அழுத்தினார்.  அக்கா அந்தக் கையை விட்டுவிட்டு, பூத் தட்டை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார். அவர் எந்தப் பூவை எடுக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து, அதை நாலாக மடித்து, தன் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.